உப்பிய மூன்று கெக்குகள்

எடிசன் நகரில் என் மகன் வீட்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். கடையில் பீர் அடைத்து விற்கும் ஐந்து லிட்டர் தகர மினி கெக்குகளைக் கழுவி, தானே காய்ச்சிய பீரை நிரப்பி வைப்பார். மொத்தம் ஏழு. தேங்காய் வாங்குகிறவர்போலத் தினமும் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்ப்பார்.

“குளிருக்கு பீர்ல கேஸே பிடிக்க மாட்டேங்குது அங்கிள்,” என்றார் ஒருநாள்.

“ஹீட்டர் பக்கத்துல வைங்க. எங்க இட்லி மாவே அங்கதான் பொங்குது,” என்றேன்.

நான்காம் நாள் மாவு வைக்கப் போனேன். ஹீட்டர் அருகே அவர் வைத்திருந்த மூன்று கெக்குகள் அடிப்பக்கம் உப்பி, நிற்க முடியாமல் ஆடின. நேர் மேலே என் பேத்தி தூங்கும் அறை. அவரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். “அங்கிள், பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய போயிடுங்க.”

“வெடிக்குமா?”

“தெரியல. போங்க.”

பனியில் பேத்தியை அணைத்தபடி நின்றேன். அவர் ஒவ்வொன்றாக நெஞ்சோடு கட்டிக்கொண்டு பதினான்கு படி ஏறி வந்தார். மூன்று முறையும் எண்ணினேன். வேலியோரம் வைத்து மூடியைத் தளர்த்தியதும் நுரை ஆளுயரத்துக்குச் சீறியது.

மாலையில் மகன் கத்தினான். “ஹீட்டர் பக்கத்துல வைக்கச் சொல்லி யாரு சொன்னா?”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “நானாத்தான் வெச்சேன். சாரி.”

மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னான் மகன். அவர் போய் நூற்று ஆறு நாள் ஆகிறது. நான் இன்னும் வாய் திறக்கவில்லை.