வாத்துக்குப் பின்னால் இருந்த சுவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஃபோட்டோ ஸ்டுடியோவில் வேலை. படம் எடுப்பவர் முதலாளி. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்பவர் அத்தான். பாஸ்போர்ட் படத்தில் பருவை அழிப்பார். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை தலைக்கு மேல் தெரியும் ஃப்யூஸ் பெட்டியை அழிப்பார். என் கழுத்து மடிப்பைக் கேட்காமலேயே எடுத்துவிட்டு, "மச்சினிக்கு இலவசம்" என்று இளித்தவர்.

விடிந்ததும் பழைய கேமராவை மாட்டிக்கொண்டு குடியிருப்புக்குப் பின்னால் இருந்த குளத்துக்குப் போய்விடுவார். ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர், ஒரு பக்கம் சாக்கடைக் குழாய், நடுவில் நாணல். அந்த நாற்றத்திலும் வாத்து, முக்குளிப்பான், நெற்றியில் வெள்ளைப் பட்டை போட்ட நாமக்கோழி எல்லாம் இருந்தன. "பால் வாங்கப் போன மனுஷன் வாத்தோட குடும்பம் நடத்துறாரு" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒருநாள் நானும் போனேன். மனுஷன் சேற்றில் குப்புறக் கிடந்தார்.

"என்ன அத்தான், விழுந்துட்டீங்களா?"

"பேசாம இரு. நின்னு எடுத்தா படத்துல பின்னாடி சுவர் விழுது."

மிதந்துகொண்டிருந்த ஒற்றைச் செருப்பை வாத்து தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்து எடுத்தார். கேமராத் திரையில் காட்டினார். தெளிந்த தண்ணீர், ஒரு வாத்து, அவ்வளவுதான். இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போனது இந்தக் குளத்தையா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு, குளத்தை மூடிக் கார் நிறுத்துமிடம் கட்டப்போவதாக நகராட்சி பலகை வைத்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் மாத முடிவுக்குள் வந்து சொல்லலாமாம். வாயே திறக்காத அத்தான் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். "கார் நிறுத்த இடம் கிடைக்குதேன்னு நாங்க சந்தோஷத்துல இருக்கோம், நீங்க வேற!" என்று அனுப்பிவிட்டார்கள். நகராட்சி அலுவலகத்துக்குத் துணையாக நான் மட்டும்தான் போனேன்.

அதிகாரியம்மா தங்கமானவர். "பறவைங்க வாழுற இடம்னு ஆதாரம் காட்டுங்க, மூட விடமாட்டேன்" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அத்தான் ஆல்பத்தை நீட்டினார். அந்தம்மா ரசித்து ரசித்துப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது.

"சார், இது அந்தக் குளம்தான்னு எதுல தெரியுது?"

"அங்கதான் எடுத்தேன் மேடம்."

"நான் நம்புறேன். மேல இருக்கறவங்க கேப்பாங்களே. சுவரோ குழாயோ விழுந்த படம் ஒண்ணே ஒண்ணு கொடுங்க, போதும்."

அத்தான் முதலிலிருந்து புரட்டினார். எனக்குத் தெரியும், இருக்காது. தப்பித் தவறி விழுந்த சுவர் மூலையைக்கூடக் கடையில் உட்கார்ந்து அழித்திருப்பார்.

"சுவர் விழுந்ததையெல்லாம் அழிச்சுட்டேன் மேடம்."

"அழிக்காத படம்?"

"சுத்தம் பண்ணினதும் பழசைத் தூக்கிப் போட்டுடுவேன் மேடம்" என்றார். அவரை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம்போல ஆத்திரம் எனக்கு. கூடவே அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது.

புதிதாக எடுக்க ஓடினோம். மண் பரிசோதனை என்று துளைபோடும் எந்திரம் கரையில் இறங்கியிருந்தது. காது கிழிந்தது. சுவர் இருந்தது, குழாய் இருந்தது, ஒரு பறவை இல்லை. மாதம் முடியும்வரை தினமும் போனார். வெறும் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டு வந்தார்.

இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அந்த வழியாக வந்தோம். அவர் மனசு கொஞ்சம் ஆறட்டும் என்றோ என்னவோ, அக்கா கேட்டாள், "அந்த நாமக்கோழி குஞ்சு பொரிச்ச இடம் எதுங்க?"

அத்தான் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார். தண்ணீர், கூடு, குஞ்சுகள். படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இரண்டு கார்களுக்கு நடுவே போய் நின்றார். அங்கிருந்து வேறு இரண்டு கார்களுக்கு நடுவே போனார்.

"இங்கதான்... இல்ல, அந்தப் பக்கமோ?" என்றார். "தெரியலையே."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.