சுண்ணாம்பு தின்ற மண்

என் வீட்டுக்காரர் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் கழிவுநீர் டேங்கைப் பார்த்துக்கொண்டவர். புளிப்பேறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் கொட்டி, புளிப்பை அளக்கும் மீட்டரில் ஏழு வந்ததும் குழாயைத் திறந்துவிடுவதுதான் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அங்கே வாடகை அறையில், நான் தூரத்தில் லாபிஸ் வீட்டில். போன வருஷம்தான் வேலையை விட்டுவிட்டு வந்தார், வீட்டுக்குப் பின்னால் மிளகாய் போடப்போவதாக. மிளகாய் வராவிட்டால் திரும்பிப் போய்விடுவேன் என்றும் சொன்னார். அவர் பையை அன்றைக்கே பரணில் ஏற்றிவிட்டேன்.

மண்ணில் மீட்டரைக் குத்தினார். நாலு. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகமாம். சுண்ணாம்புத் தூளை இறைத்தார். மறுநாளும் நாலுதான். மறுபடியும் இறைத்தார்.

"என்னங்க, உரக்கடைச் சீனர் ஒரு தடவை போட்டுட்டு 'துங்கு லா'ன்னாரே. பொறுக்கச் சொன்னாருல்ல?"

"டேங்குல போட்டா உடனே ஏறும்மா. இது ஏன் ஏறல?"

எனக்கு என்ன தெரியும்? கடைக்காரர் சொன்னதும் சரிபோல் இருந்தது. அசையாத எண்ணைப் பார்த்தால் இவர் சொன்னதும் சரிபோல் இருந்தது. மழை அடித்துக்கொண்டு போகிறதா, மண் தின்றுவிடுகிறதா, ஒன்றும் புரியவில்லை. கன்று நட்ட பிறகும் இவர் கை நிற்கவில்லை. தோட்டம் பவுடர் அப்பிய முகமாய் வெளுத்துக் கிடந்தது.

கன்றுகள் வேர் பிடித்தன. பிறகு இளம் இலைகள் மஞ்சளாகின, நரம்பு மட்டும் பச்சை. ஒரு இலையைக் கிள்ளிக் கடையில் காட்டினேன். சுண்ணாம்பு கூடிவிட்டது, இனி மண்ணில் இருக்கும் சத்தையே செடியால் எடுக்க முடியாது என்றார் சீனர். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல் என்றால் மனுஷன் என்னதான் செய்வது?

திரும்பி வந்தால் இவர் தோட்டத்தில் குதிக்காத குறை. "ஏறிடுச்சு! ஏழு தாண்டிடுச்சு!" என் கையிலிருந்த இலையைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"ஏழு வந்தா குழாயத் தொறந்து விட்டுடுவோம், வேலை முடிஞ்சிடும்," என்றார். "இங்க எதத் தொறக்கறது?"

சாயங்காலம் பையில் துணி அடுக்க ஆரம்பித்தார். தொழிற்சாலைச் சட்டையைக் கண்டதும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அதை உருவி அவர் கையில் திணித்தேன்.

"இதப் போட்டுக்கிட்டுப் போய் அந்தச் செடியெல்லாம் பிடுங்குங்க. மண்ணு கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும். மீட்டரக் குடுங்க."

வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன்.

"எப்பத் தருவ?"

"துங்கு லா," என்றேன்.