நிறுத்தத் தெரியாத பாட்டு

நான் சொல்லப்போவது எங்கள் பக்கத்தில் எவருக்கும் உவப்பாக இராது. விடியுமுன்பே கோயில் குழாய் ஒலிபெருக்கிகளிலிருந்து கிளம்பி, கடலாடி தொடங்கிச் சாயல்குடிவரை ஊர் ஊராக மனிதரை உருகவைக்கும் பக்திப் பாட்டுகளைப்போல் வன்மம் நிறைந்த சங்கீதத்தை நான் கேட்டதில்லை. பேருந்தில் பையன்கள் போடும் குத்துப்பாட்டு என்னை ஒன்றும் செய்வதில்லை. அது அடிக்க வருகிறேன் என்று அறிவித்துவிட்டு அடிக்கிறது. இவையோ அழுதுகொண்டே கழுத்தைப் பிடிக்கின்றன. இதைக் கடலாடித் தேநீர்க்கடையில் ஒருமுறை சொன்னதற்கு, நெற்றி நிறைய நீறு பூசிய ஒருவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்.

பதிகம் ஓதிப் பழகிய நாக்கு என்னுடையது. அமாவாசைதோறும் ராமேசுவரம் சென்று பிரகாரத்தின் ஓரத்தில் அமர்ந்து ஓதுவேன். நான் ஓதுவனவற்றில் குருதி இல்லாமலில்லை. யானை உயிரோடு தோலுரிபடுகிறது. மூன்று ஊர்கள் எரிகின்றன. மலையைப் பெயர்த்த அரக்கன் ஒரு கால்விரலின் கீழ் எலும்பு நொறுங்க அலறுகிறான். ஆனால் அவன் அந்த நசுங்கலிலும் பாடினான், மேலே இருந்தவன் அதைக் கேட்டு விரலைத் தளர்த்தினான். கேட்பதற்கு ஒருவன் இருந்தான் என்பதே அங்கே பாட்டு. இது இப்போது எழுதுகையில் தோன்றுவது. அப்போது எனக்கிருந்தது வெறும் விருப்பும் வெறுப்பும்தான்.

இருபது வயதில் எனக்கு இனிமை வேண்டியிருந்தது. திரைப்பாட்டுகளைத் தலையணைக்கடியில் வானொலியை வைத்துக் கேட்டேன். நாற்பதில் பதிகப் பண்களைத் தவிர மற்றவையெல்லாம் இரைச்சலாயின. அவற்றுள்ளும் உறுமி என்றால் உடம்பே எரியும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த ஓசை, பாதி அறுபட்ட கழுத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். எங்கள் குலதெய்வத்துக்கு மாசி மாதம் கிடாய் வெட்டும் நாளில், ஆண்டுதோறும் துண்டால் காதை மூடிக்கொண்டு உடைமர நிழலில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பேன். வயதானால் மென்மையானது பிடிக்கும் என்கிறார்கள். எனக்கு எழுபதுக்குப் பிறகு மென்மைதான் பொறுக்க முடியாததாயிற்று.

எங்கள் குலதெய்வத்தின் சாமியாடி என் தம்பி. எங்கள் அய்யாவுக்குப் பிறகு அவன்மேல்தான் சாமி வரும். சென்ற ஆண்டு அவனுக்கு நெஞ்சடைப்பு வந்து, ரத்தக்குழாயில் கம்பிவலை வைத்தார்கள். ரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை. ஆடவே கூடாது; சிறு வெட்டுப் பட்டாலும் ரத்தம் எளிதில் நிற்காது என்று ராமநாதபுரத்து மருத்துவர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். தம்பி தலையை ஆட்டினான். மாசி வந்தால் அவன் கால் எவர் சொல்லையும் கேட்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே வீட்டில் கூடிப் பேசினார்கள். கொட்டினால்தானே சாமி வரும். இந்த ஆண்டு உறுமி மேளத்துக்குச் சொல்ல வேண்டாம், ரேடியோ செட் மட்டும் கட்டி, எல்லோருக்கும் பிடித்த அம்மன் பாட்டாகப் போடுவோம் என்று தம்பி மனைவி யோசனை சொன்னாள். சாமியின் அரிவாளையும் அவளே வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கொட்டு இல்லை என்றதும் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அந்தப் பாட்டும் வேண்டாம், நான் ஓதுகிறேன் என்றேன். தம்பி மகன் சிரித்தான்.

"பெரியப்பா, நீங்க ஓதுனா சாமி வராது, தூக்கந்தான் வரும்."

நல்ல உச்சிவெயிலில் கிடாயைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மஞ்சள்நீர் தெளித்ததும் கிடாய் உடம்பை உதறினால்தான் சாமி உத்தரவு தந்ததாகப் பொருள். அதற்குப் பிறகே வெட்டு. சில ஆண்டுகளில் நெடுநேரம் காத்து நிற்போம். அன்று நீர் படுமுன்பே கிடாய் நடுங்கியது. பக்கத்திலிருந்த பெட்டி ஒலிபெருக்கியின் அதிர்வில் என் நெஞ்செலும்பும்தான் நடுங்கியது. உத்தரவு என்று எல்லோரும் குலவையிட்டார்கள். அரிவாள் ஒரே வீச்சாக இறங்கியது. தலை துள்ளி மணலில் விழுந்தது. உடல் அதன்பிறகும் பாட்டின் தாளத்துக்குக் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

அப்போது மாவட்டமே மனப்பாடமாக வைத்திருக்கும் அந்தப் பாட்டு தொடங்கியது. தாயை அழைத்துக் கெஞ்சுவதாகத் தொடங்கி, வரிக்கு வரி ஏறி, உச்சத்திலேயே முடியும் பாட்டு. செட்காரர் தமது கைப்பேசியில் அதை ஒருமுறை தொட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும் அது தானாகவே மீண்டும் தொடங்கும்.

நாற்காலியில் இருந்த தம்பியின் கால் கட்டைவிரல் முதலில் மணலைக் கிண்டியது. பிறகு முழங்கால். எவரும் அருகில் போகுமுன் அவன் எழுந்து ஓங்காரமிட்டு, கிடாய் வெட்டியவர் ஊன்றி வைத்திருந்த அரிவாளைப் பிடுங்கிக்கொண்டான். பூட்டி வைத்த சாமி அரிவாள் மழுங்கியது. இது அன்று காலை தீட்டியது; கிடாயின் ரத்தம் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

அரிவாளின் முதுகால் நெற்றியில் தட்டி ஆடுவது சாமியாடியின் முறை. கொட்டுக்காரர்கள் அவன் காலைப் பார்த்தே அடிப்பார்கள். மூச்சு வாங்கினால் அடியைத் தளர்த்தி, நேரம் பார்த்து மெல்ல மெல்லக் குறைத்துச் சாமியை மலையேற்றுவார்கள். பாட்டு எவன் காலையும் பார்ப்பதில்லை. அது ஏறியது, அவனும் ஏறினான். வேகத்தில் மணிக்கட்டு திரும்பிற்று. முதுகுக்குப் பதில் அரிவாளின் கூர்வாய் நெற்றியில் இறங்கியது. ஒரு கணம் வெள்ளையாய்த் தெரிந்த கோடு, மறுகணம் முகம் முழுவதும் சிவப்பு. மறுபடி ஓங்கினான். தம்பி மகன் பாய்ந்து அப்பாவின் கையைப் பிடிக்க, அரிவாள் அவன் உள்ளங்கையை எலும்புவரை கிழித்துக்கொண்டு போயிற்று.

தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டு பாட்டை நிறுத்தச் சொல்லிக் கதறினாள். சாமி ஆடும்போது நிறுத்துவது குற்றம் என்று பங்காளிகள் தயங்கி நின்றார்கள். ஒருவர் சத்தத்தைக் கூட்டச் சொல்லியும் கை காட்டினார். நான் ஜெனரேட்டருக்குப் போய் வயரைப் பிடுங்கினேன். கையில் சுரீரென்று அடித்தது. பாட்டு செத்தது.

அவன் நிற்கவில்லை. அந்த அமைதியில் முன்னிலும் வெறியாகச் சுழன்றான். ரத்தம் சுற்றிலும் தெறித்தது. அடிபட்ட மாடு வேலியில் முட்டுவதுபோல் ஆளாளின் மேல் மோதினான். என் முன்னால் வந்து நின்று அரிவாளை என் தோளுக்கு நேராக ஓங்கிக் கேட்டான்.

"ஏலே, எங்கடா என் கொட்டு?"

அது தம்பியின் குரலன்று. நான் ஓத வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. காலடியில் பொங்கலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அண்டா கிடந்தது. அதைக் கவிழ்த்துப்போட்டு, கறிக் கரண்டியால் அடிக்கத் தொடங்கினேன்.

எந்த அடியை வாழ்நாளெல்லாம் துண்டால் மூடி மறுத்தேனோ, அது முழுமையாக என் கையில் இருந்தது. நான் விரும்பிக் கேட்ட பாட்டுகளில் பாதி மறந்துவிட்டன. வெறுத்துக் கேட்டது ஒன்றும் மறக்கவில்லை. முதலில் அவன் வேகத்துக்கே அடித்தேன். அண்டா நெளிந்தது; விரல் முட்டிகள் உரிந்தன. அவன் கால் என் அடிக்குள் வந்து விழுந்ததும், ஒரு அடியை விட்டேன். அவன் தடுமாறிச் சேர்ந்துகொண்டான். மேலும் ஒன்றை விட்டேன். கண்ணுக்குள் ரத்தம் வழிய என்னையே பார்த்துக்கொண்டு ஆடினான். நான் அவன் காலைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அடி குறையக் குறைய அரிவாள் தாழ்ந்தது. கடைசியில் அது மணலில் விழ, அதன்மேலேயே அவனும் சரிந்தான்.

வேட்டிகளால் தலையைச் சுற்றிக்கட்டிக் காரில் போட்டு ராமநாதபுரத்துக்கு விரைந்தோம். வழியெல்லாம் காயத்தை நான் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தேன். துணி மாற்ற மாற்ற நனைந்தது. மருத்துவமனையில் மருத்துவர் எங்களைத் திட்டியதை இங்கே எழுத இயலாது. தையல் போட்டு, ரத்தம் ஏற்றி, விடியும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அடுத்த அறையில் தம்பி மகனின் கையைத் தைத்தார்கள்.

மறுநாள் பிற்பகலில்தான் தம்பி கண் திறந்தான். கட்டுக்கு வெளியே ஒரு கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன.

"கொட்டு யாருண்ணே?"

"நான்தான்."

"அதான பாத்தேன்." வாய் சிரிக்க முயன்று வலியில் கோணியது. "ரெண்டு எடத்துல தப்பா அடிச்ச. சாமி பாவம்னு விட்டுட்டுப் போயிருச்சு."

எதிர்க் கட்டிலில் இருந்த மூதாட்டிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் மகள் கைப்பேசியில் பாட்டு வைத்தாள். அதே பாட்டு. மூதாட்டி கைகூப்பிக் கண்ணீர் விட்டார். நிறுத்துங்கள் என்று சொல்ல எழுந்தேன். அந்த முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். திரும்பியபோது, போர்வையின்மேல் கிடந்த தம்பியின் விரல்கள் துடிக்கத் தொடங்கியிருந்தன. கண் மூடியிருந்தது. பாட்டு ஏறிக்கொண்டிருந்தது.

கட்டிலின் இரும்புக் கம்பியில், தோலுரிந்த முட்டியால், அவனுக்கு மட்டும் கேட்கும்படி மெல்ல அடிக்க ஆரம்பித்தேன்.