லோடின் மேல் ஏறி உட்கார்ந்த ராமலட்சுமி அம்மாள்

வியாழக்கிழமை காலை நாரணாபுரத்தில், நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் சரக்குக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன். ராமலட்சுமி அம்மாளின் டிராக்டரை ஓட்டும் முத்தையா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். அச்சங்குளத்திலிருந்து எப்போதும் டிராக்டரில் வருகிறவர் சைக்கிளில் வந்ததைப் பார்த்ததுமே எனக்கு ஏதோ உறைத்தது. "அம்மா போயிட்டாக சார். காப்பி குடிச்சிட்டுச் சாஞ்சவுக, எந்திரிக்கவே இல்ல" என்றார்.

ராமலட்சுமி அம்மாளை உங்களில் பலர் அறிவீர்கள். கணவர் இறந்த பின் கரிசல் நிலத்தைத் தாமே முன்நின்று பயிர் செய்தவர், அந்தப் பக்கத்தில் முதலில் டிராக்டர் வாங்கியவர் என்று அறிவீர்கள். அவருடைய டிரெய்லரை எத்தனை பேர் குனிந்து பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தீபாவளி சீசன். லாரிகள் கிடைக்கவில்லை. எங்களுக்கு ரயில் வேகன் விருதுநகரில்தான் கிடைத்தது. அங்கே வரை பட்டாசுப் பெட்டிகளைக் கொண்டு சேர்க்க வழியில்லை. நான் அச்சங்குளம் போய் அம்மாளிடம் டிராக்டரையும் டிரெய்லரையும் கேட்டேன். பக்கப் பலகை இல்லாத தட்டை வண்டி, தரையெல்லாம் இரும்புத் தகடு. பருத்தி மூட்டையும் எருவும் ஏற்றியது. வாடகை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"வெடிக்கு என்னென்ன ஆகாது, அதை முதல்ல சொல்லுங்க தம்பி."

"உரசல் ஆகாது, சூடு ஆகாது, பொறி ஆகாது, குலுக்கலும் கூடாதும்மா."

"என் வண்டியில அம்புட்டும் இருக்கே" என்றார். "பத்து நாள் குடுங்க."

சீசனில் பத்து நாள் தாங்காது. வேறு வழியில்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆறாம் நாள் பொறுக்காமல் போய்ப் பார்த்தேன். இரும்புத் தகட்டின் மேல் முழுக்க வேப்பம்பலகை இறங்கியிருந்தது. போல்ட்டுத் தலைகளைப் பலகைக்குள் குடைந்து புதைத்து, அதன்மேல் மரத்துண்டு வைத்து அடைக்கச் சொல்லியிருந்தார். உள்ளங்கையால் தடவினால் எங்கும் இரும்பு தட்டவில்லை. நாலு பக்கமும் கழற்றி மாட்டும் பலகைகள். கயிறு கட்டும் வளையங்கள் எல்லாம் வெளிப்பக்கம். டிராக்டரின் புகைக்குழாய் வாயில் கம்பி வலை. இழுவைக் கம்பியைக்கூட நீட்டி, எஞ்சினுக்கும் லோடுக்கும் இடைவெளியைக் கூட்டியிருந்தார். ஆசாரியும் கொல்லரும் அவர் சொல்வதைக் கேட்டுச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பட்டாசுக் கம்பெனிக்குள் அதுவரை அவர் கால் வைத்ததில்லை. நான் சொன்ன நாலே வார்த்தைகளிலிருந்து இதையெல்லாம் யோசித்திருந்தார்.

பத்தாம் நாள் எங்கள் காலிப் பெட்டிகளில் கரிசல் மண்ணை நிரப்பி, அடுக்கிக் கட்டச் சொன்னார். கட்டி முடித்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிகளின் உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். முத்தையா பதறிப்போனார்.

"ஏலே, ஓடைக்குள்ள விட்டு ஏத்துலே!" என்று மேலிருந்து அம்மாள் சத்தம் போட்டார்.

"வேண்டாம்மா, விழுந்திருவீக."

"நான் உக்காரப் பயப்படுற லோடை உன் முதுகுக்குப் பின்னால ஏத்த மாட்டேன். ஓட்டு."

டிராக்டர் ஓடையில் இறங்கி, கல்லும் பள்ளமுமாய்க் குலுங்கி ஏறியது. மேலே அவர் தலை ஆடியதைப் பார்க்க முடியாமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கரை ஏறியதும் இறங்கி நேரே பின்வரிசைக்குப் போனார். அது ஒரு சாண் நகர்ந்திருந்தது. குறுக்கே ஒரு கட்டை அடிக்கச் சொல்லி, மறுபடி ஏறி உட்கார்ந்தார். மூன்றாவது ஓட்டத்தில்தான் எதுவும் நகரவில்லை. "இப்ப உங்க சரக்கைக் கொண்டாங்க தம்பி" என்றார். எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

முதல் சில நடைகளுக்கு அவரும் கூடவே வந்தார். அவற்றில் ஒன்றில், விருதுநகர் எல்லைக்குச் சற்று முன்னே, எதிரே வந்த பஸ்ஸுக்கு முத்தையா ஒதுங்கினார். மழையில் ஊறிய ரோட்டோரம் சரிந்து, டிரெய்லரின் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வண்டி அப்படியே சாய்ந்தது. மேலே இருந்தது முழுக்க வெடி. நான் டிராக்டரிலிருந்து குதித்து ஓடினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அம்மாள் ஓடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்களைப் பார்த்து, "பீடியை அணைச்சிட்டு வாங்கய்யா" என்று குரல் கொடுத்தார். ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளியதில் வண்டி ரோட்டுக்கு ஏறியது.

ஒரு பெட்டிகூட இடம் மாறவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கிளம்பலாம்மா, வேகன் போயிரும்" என்றேன். அவர் ஒவ்வொரு கயிறாக விரலால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

"இங்கன பாருங்க."

பலகையின் விளிம்பு உரசி, கயிற்றின் மூன்று புரிகளில் இரண்டு அறுந்திருந்தன.

"இது நின்னது நம்ம கெட்டிக்காரத்தனம் இல்ல தம்பி. ஒரு புரி மிச்சம் இருந்துச்சு. விளிம்புக்குத் தோல் வச்சிருக்கணும், எனக்குத் தோணாமப் போச்சு. வண்டி நகராது."

முத்தையா பஸ்ஸில் போய்த் தோலும் புதுக்கயிறும் வாங்கி வரும்வரை வெயிலில் காவல் நின்றோம். வேகன் போய்விட்டது.

மறுநாள் முதலாளி என்னை நிற்க வைத்துக் கேட்டார். அம்மாளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதென்று, "நான்தான் கிளம்ப வேண்டாம்னு சொன்னேன்" என்றேன். திட்டினார், கயிற்றைக் காட்டியதும் அமைதியானார். இதைக் கேள்விப்பட்டு அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்: "அடுத்த தடவை நெசமாவே நீங்களே சொல்லிருங்க."

அதன்பின் பல தடவை, லோடு கிளம்ப வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். சேதமில்லாமல் போய்ச் சேர்ந்த லோடைத்தான், எந்தக் கயிறு ஒற்றைப் புரியில் நின்றதோ என்று, நான் அதிக நேரம் சுற்றிப் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.