கராச்சர்மா வளைவு

இந்தத் தீவுகளில், டெய்ரி ஃபார்மில் மரவீடுகள், ஹட் பேயில் குவார்ட்டர்ஸ், கராச்சர்மாவில் ரோடு. எல்லாம் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் கான்ட்ராக்ட் எடுத்துப் போட்டவை.

அந்த ரோட்டுக்குக் குறுக்கே ஒரு படாக் மரம் நின்றது. கோடரியை ஓங்கினேன். அதன் நிழலில் அடுப்பு வைத்து எங்களுக்குச் சமைத்துப்போட்ட வங்காளத்து அக்கா ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

“நிழலை வெட்டினா நாளைக்குக் கல்லுதான் சோறு, பாய்சாப்!”

ஆட்கள் சிரித்தார்கள். நேராகப் போடாவிட்டால் அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்காது. ஆனாலும் அவள் அடுப்புப் புகை இலைகளுக்குள் மெல்ல ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோடரியைக் கீழே வைத்தேன். ரோட்டை வளைத்தேன். கான்ட்ராக்ட் போனது.

இன்று மரமும் இல்லை, அக்காவும் இல்லை. சுற்றிலும் கான்கிரீட் மாடிகள். பஸ் அங்கே சாயும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். முகத்தில் நிழல் விழும்.

“எவன்டா இப்படிக் கோணலா போட்டான்?” என்றார் ஒருநாள் பக்கத்துச் சீட்டுக்காரர்.

நான்தான். அதை ஒரு பலகையில் எழுதி அந்த வளைவில் வையுங்கள்.