நெருப்புச் சுட்டும் தெரியாத கால்

அக்கரப்பத்தனைத் தேயிலை மலையில் என் கணவர் செடிகளைக் கவ்வாத்து வெட்டியபோது, சரிவில் மேலே நின்ற தொழிலாளி வழுக்கி விழுந்து, அவருடைய கத்தி என் கணவரின் முதுகில் பாய்ந்தது. காயம் ஆறியும் வலது கால் அசையவில்லை. இடது காலாவது தப்பியதே என்று தேறினோம்.

ஒருநாள் எங்கள் லயத்து வீட்டு அடுப்பருகே குளிர்காய்ந்தார். தோல் கருகும் வாடை வந்தது.

"ஐயோ, எடது காலு நெருப்புல இருக்குங்க!"

"எனக்கு ஒன்னும் தெரியலையே புள்ள."

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார்: "முதுகுத்தண்டு நரம்பு வலது பக்கம் பாதி அறுந்திருக்கு. அதனால வலது கால் அசையாது. இடது காலோட சூடு, வலி உணர்ற நரம்பு முதுகுத்தண்டுல வலது பக்கம் மாறித்தான் மேல போகுது; அதனால இடது கால் அசையும், ஆனா சூடு, வலி தெரியாது. இனி சரியாகாது."

திரும்பும்போது பஸ்ஸில் அவர் கேட்டார்: "அப்ப ரெண்டு காலும் போச்சா?"

இப்போது வெந்நீரை என் கையில் ஊற்றிப் பார்த்த பிறகே அவருக்கு ஊற்றுகிறேன். தினமும் இடது காலைத் தடவிக் காயம் தேடுகிறேன். முதுகில் அடிபட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அசைகிற காலையும் கவனியுங்கள்.