லாபிர் நானா வீட்டு ஆணியில் கார்ச் சாவி

றலியாவின் காரை அவளேதான் காப்புகளை விற்று வாங்கினாள். ஆனால் சாவி மட்டும் அவள் கணவரின் அண்ணன் லாபிர் நானா வீட்டுச் சுவரில், ஓர் ஆணியில் தொங்கும். கணவர் நிஸாம் கத்தாரில் இருப்பதால் அந்தக் குடும்பத்தில் அதுதான் மரியாதையாம். என்ன மண்ணாங்கட்டி மரியாதையோ! விடிந்ததும் அங்கே போய்ச் சாவியை எடுத்து, அக்குறணையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்டிக்கு ஏற்றிச் சென்று, மாலையில் சாவியைத் திரும்ப மாட்டிவிட்டு வருவாள். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கே பற்றிக்கொண்டு வரும். றலியா தாத்தாவோ வாயே திறக்கமாட்டாள். எங்கள் பக்கம் அக்காவைத் தாத்தா என்றுதான் சொல்வோம்.

கலியாணமோ, சாவு விழுந்த மையித்து வீடோ, லாபிர் நானா கேட்காமல் கொள்ளாமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வண்டி திரும்பி வரும்போது பெற்றோல் காலியாகியிருக்கும். அதையாவது மன்னிக்கலாம்.

போன வியாழக்கிழமை பிள்ளைகளோடு வரும்போது கட்டுகஸ்தோட்டைக்கு இந்தப் பக்கம் வண்டி கொதித்துப் புகை கக்கியது. எஞ்சினைக் குளிர்விக்கும் வோட்டர் பம்ப் போய்விட்டது, அடுத்த வாரம்தான் மாற்றலாம் என்றார் கராஜ் பாஸ். லாபிர் நானாவுக்கு அது போதுமாயிருந்தது.

"பொம்புள ஓட்டினா எஞ்சின் தாங்குமா? வித்துப்போடுவோம்" என்றார். வாங்க ஆளையும் பார்த்துவிட்டார். கத்தாரிலிருந்து நிஸாமும், "நானா சொல்றதக் கேளுங்க" என்றார். பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை பரீட்சை. அதற்குள் வண்டி ஓடாவிட்டால் வேறு வேன் பார்ப்போம் என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் போனால் உழைப்புக் காசு போகும், பிறகு காரும் போகும்.

"ஓட்டத் தெரிஞ்ச எனக்குக் கழட்டவும் ஏலும்" என்றாள் தாத்தா.

புதுப் பம்பை வாங்கி வந்து, சனிக்கிழமை முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினாள். பம்ப் மாற்றும் வீடியோ ஓடிக்கொண்டிருந்த போனைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். தண்ணீரை வடித்தாள், பெல்ட்டைத் தளர்த்தினாள். கழற்றிய போல்ட் ஆணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய ஸஹனில் அடுக்கினாள். ஸஹன் என்பது விருந்தில் எல்லோரும் சுற்றியிருந்து சோறு சாப்பிடும் பெரிய தட்டு. அந்த நேரம் பார்த்தா லாபிர் நானா வந்து நிற்க வேண்டும்!

"சோத்து ஸஹன்ல கிரீஸா! ஊட்டுல பரக்கத் நிக்குமா?"

வீட்டின் இறையருளே போய்விடுமாம்! தாத்தா பழைய பம்பை வெளியே இழுத்தாள். உள்ளே சுழலும் தகடுகள் துருப்பிடித்து, அரித்துப் போயிருந்தன. கையை வைத்தால் சேறு ஒட்டியது.

"நான் ரேடியேட்டருக்குப் பச்சக் கூலன்ட் தவிர ஒண்டும் ஊத்தல்லயே" என்றாள்.

"கூலன்டாம்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் லாபிர் நானா. "நான் கொண்டுபோற ஒவ்வொரு தரமும் அதெத் தொறந்து உட்டுட்டு, ரோட்டோரப் பீலியில நிப்பாட்டி, மலயில இருந்து குழாயால வாற தண்ணி ஊத்தின. ஐஸ் மாதிரித் தண்ணி! எஞ்சினுக்கு அதுதான் நல்லம்."

யா அல்லாஹ்! அந்தத் தண்ணீரில்தான் பம்ப் துருப்பிடித்திருக்கிறது. வண்டியைக் கெடுத்தவர் இவர், பழி இவளுக்கு. தாத்தா அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அவரோ திரும்பவும் ஸஹனைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்.

கசிவைத் தடுக்கும் பழைய பெக்கிங் தாளைச் சுரண்டி எடுத்து, புதுப் பம்பைப் பூட்டி, கூலன்ட் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினாள். சூட்டு முள் ஏறத் தொடங்கியது. உடனே நிறுத்தினாள். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற மறந்திருக்கிறாள். எஞ்சின் ஆறும்வரை இருவரும் படியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு மூடியைத் திறந்து விட்டு மீண்டும் ஸ்டார்ட் பண்ணினாள். குமிழிகள் வந்து அடங்கின, மேலும் கொஞ்சம் ஊற்றினாள். முள் பாதியிலேயே நின்றது.

திங்கட்கிழமை பிள்ளைகள் பரீட்சைக்கு நேரத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். அன்று மாலையும் தாத்தா வழக்கம்போல லாபிர் நானா வீட்டுக்குப் போய் வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் கேற்றடியில் வந்து நின்று கத்தினார்.

"றலியா! ஆணியில என்னத்தத் தொங்க வெச்சீக்கிற? சாவி எங்க?"

பழைய பம்பைக் கம்பியில் கோத்து அந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறாள்!

"அது நீங்க ஊத்தின பீலித் தண்ணிட வேல, மச்சான். அதெ நீங்களே வெச்சிக்கொள்ளுங்க" என்றாள். "சாவி இனி என்ட பேக்லதான் ஈக்கும்."